கூடை, நடை, பேரப்பிள்ளைகள்: தர்மபுரிப் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் எங்கள் தெருவில் சாயங்காலம் சிலர் சேர்ந்து கூடை பின்னுகிறோம். காலையில் நடக்கிறோம். விடுமுறை விட்டால் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"ரிட்டயர் ஆயாச்சு. கைவேலைன்னு எதுவுமே தெரியாது. எதுல ஆரம்பிக்கிறது?"

ஒயர் கூடையில் ஆரம்பியுங்கள். மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம். ஒயர், கத்தரிக்கோல், பொறுமை இருந்தால் போதும். தப்பாகப் போட்ட முடிச்சை அவிழ்த்து அதே ஒயரில் திரும்பப் போடலாம், எதுவும் வீணாகாது. பின்னி முடித்த கூடை மறுநாளே காய் வாங்கச் சந்தைக்குப் போகும். நாம் செய்த பொருள் வீட்டில் உழைப்பதைப் பார்த்தால்தான் அடுத்ததைச் செய்ய ஆசை வரும்.

சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று அழகழகான பின்னல்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் நேராக அங்கே போய்விடாதீர்கள். முதல் கூடை சாதா முடிச்சில், ஒரு டிபன் பாக்ஸ் வைக்கிற அளவில் இருக்கட்டும். பின்னத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் முடிச்சு சீக்கிரம் பிடிபடும். வீடியோவில் கற்றுக்கொள்வதும் நடக்கும், ஆனால் எதிரில் இருப்பவரின் வலது கை நம் இடது கைப் பக்கம் தெரிவதால் ஆரம்பத்தில் குழப்பும்.

"வீடியோ பார்த்துத்தான் பின்னினேன். கூடை ஒரு பக்கம் சாய்ஞ்சே நிக்குது. ஏன்?"

பெரும்பாலும் கோளாறு அடிப்பாகத்தில் இருக்கும். அடியை முடித்தவுடன் மேலே திருப்பாமல், தரையில் விரித்து வைத்து எதிரெதிர்ப் பக்கங்களின் முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒன்று கூடியிருந்தாலும் மேலே போகப்போக அது சாய்வாகத் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் சாய்ந்தால், இழுக்கும் பலம் ஒரே மாதிரி இல்லை என்று அர்த்தம். பேச்சு சுவாரசியத்தில் முடிச்சு தளரும், கோபத்தில் இறுகும். ஒரு சுற்று முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தால் எது தளர்ந்தது என்று கையே சொல்லிவிடும்.

வேறு சில விஷயங்களும் சொல்லிவிடுகிறேன். சுற்றி ஓடுகிற ஒயரைத் துண்டு துண்டாக வெட்டாமல் கட்டிலிருந்தே ஓடவிடுங்கள், ஒட்டுப் போடுவது குறையும். மார்கழிக் குளிரில் ஒயர் விறைத்துக்கொண்டு வளையாது. கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் சொன்னபடி கேட்கும். கடைசியில் மீதி நுனிகளை உள்பக்கம் சில முடிச்சுகளுக்குள் நன்றாகச் செருகிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். முடிச்சை ஒட்டி வெட்டினால் காய் பாரம் ஏறும்போது உருவிக்கொண்டு வந்துவிடும்.

"கண்ணு சரியா தெரியல, விரலும் மடங்க மாட்டேங்குது. எனக்கெல்லாம் ஆகுமா?"

ஆகும். கறுப்பு, கரு நீலம் போன்ற ஒயர்களைத் தவிர்த்து, மஞ்சளும் பச்சையும் போலப் பளிச்சென்று வேறுபடும் இரண்டு நிறம் எடுங்கள். நெடுக்கில் ஒரு நிறம், குறுக்கில் இன்னொன்று. எந்த ஒயர் எதன் மேல் போகிறது என்று தேட வேண்டியிருக்காது. ட்யூப்லைட்டை விடக் காலை வெளிச்சம் நல்லது. கண் புரை என்றால் தள்ளிப்போடாதீர்கள், அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இலவசம்.

விரல் மடங்காதவர்களுக்குக் கூடையை விட உல்லன் நூலும் தடித்த குரோஷா ஊசியும் இதமாக இருக்கும். கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கையை உதறி, கழுத்தைத் திருப்பிவிட்டு உட்காருங்கள்.

"ஆம்பளைங்க உட்கார்ந்து கூடை பின்னினா தெருவுல என்ன சொல்வாங்க?"

முதல் வாரம் ஏதாவது சொல்வார்கள். அப்புறம் "எனக்கு ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணே" என்பார்கள். கயிற்றுக் கட்டில் பின்னியது யார், பனை நாரில் கயிறு திரித்தது யார், மூங்கில் தட்டி முடைந்தது யார்? நம் அப்பாக்களும் தாத்தாக்களும்தான். கையில் வேலை இல்லாமல் டிவி முன்னால் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டாயம் வாருங்கள்.

"தினமும் பத்தாயிரம் அடி நடக்கணும்னு பையன் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கான். முடியலையே?"

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை இல்லை. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் விளம்பரத்தோடு பரவிய எண்ணிக்கை அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடப்பது எல்லாம் அதில் சேரும். கீழே விழாமல் இருக்க இதுதான் பெரிய காவல்.

அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அதையும் காலை கால் மணி, மாலை கால் மணி என்று பிரிக்கலாம். வேகம் எப்படித் தெரியும் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வாட்ச் நேரம் பார்க்க இருக்கட்டும்.

"எங்க நடக்கிறது? ரோட்ல முழுக்க வண்டியா இருக்கு."

தர்மபுரியில் ராமாக்காள் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி, அன்னசாகரம் ஏரி என்று கரைகள் இருக்கின்றன. கோட்டைக் கோயில் பக்கத்தில் இருப்பவர்கள் காலையில் காமாட்சி அம்மனையும் மல்லிகார்ஜுனரையும் சுற்றி வந்தாலே ஒரு நடை ஆகிவிடும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவதானப்பட்டி ஏரியும் கே.ஆர்.பி. அணைப் பூங்காவும் இருக்கின்றன. ஆனால் வண்டி எடுத்துக்கொண்டு போய் நடக்க வேண்டிய இடம் என்றால் அது கொஞ்ச நாளில் நின்றுபோகும். அதனால் நான் எப்போதும் சொல்வது சொந்தத் தெருக்களைத்தான். மெயின் ரோட்டுக்குப் போகாமல், நாலு குறுக்குத் தெருவைச் சேர்த்து ஒரு சுற்று வகுத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு வாசலில் என்ன பூத்திருக்கிறது, எந்த வீட்டுப் பெரியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பது நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த விசாரிப்பும் சேர்ந்ததுதான் நடை.

சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். நம் பக்கத்து வெயில் பாறையில் பட்டுத் திரும்பி அடிக்கும்.

"முட்டி வலி இருக்கு, சுகரும் இருக்கு. நடக்கலாமா?"

மூட்டுத் தேய்மானத்துக்கு நடக்காமல் இருப்பதுதான் கெடுதல். தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டிக்குப் பாரம் குறையும். சமதரையில், மெதுவாக, மேலே சொன்ன கால் மணிக் கணக்கில் ஆரம்பியுங்கள். மூட்டு வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

சுகர் உள்ளவர்கள் ஒருபோதும் வெறுங்காலில் நடக்க வேண்டாம், கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் கட்டாயம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. வீடு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே வாயில் போட வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தால் அதே இடத்தில் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

"பேரன் வந்ததும் போனோட உட்கார்ந்துடறான். கூப்பிட்டா வர மாட்டேங்கிறான். என்னதான் பண்றது?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது, நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். நாம் செய்கிற தவறு, குழந்தை வந்ததும் நம் வேலையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு அவனை மகிழ்விக்க உட்காருவது. "வா கண்ணு, விளையாடலாம்" என்று அழைத்தால் போனோடு போட்டி போடுகிறோம், தோற்றுவிடுவோம். அதற்குப் பதிலாக நம் வேலையை நடுக்கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அதில் அவனுக்கு ஓர் இடம் விட வேண்டும். "இந்த ஒயர் கட்டைக் கொஞ்சம் பிடி, எனக்குச் சிக்கிக்குது" என்று கேட்டுப் பாருங்கள். நிஜமாகவே சிக்கியிருக்க வேண்டும். சும்மா கொடுத்த வேலையை எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. மாசி, பங்குனியில் வந்தால் புளி இருக்கிறது. ஓடு உடைத்து, தட்டி, கொட்டை எடுக்கிற வேலையை ஒரு குழந்தைக்குக் காட்டிப் பாருங்கள், கட்டையைக் கீழே வைக்கவே மாட்டான். கோடை விடுமுறையில் மாங்காய் இருக்கிறது. நம் ஊரில் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரியை வெயிலில் வற்றலுக்குப் போடும்போது காக்காய் ஓட்டும் பொறுப்பு முழுக்க அவனுடையது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாரையாவது தெரிந்தால், பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிய கூடுகளைக் கேட்டு வாங்குங்கள். நீளமாக நூல் இழுக்க அது உதவாது. கத்தரித்துச் சாயம் தோய்த்தால் அருமையான பூவாகும், கோத்தால் மாலையாகும்.

போனைப் பிடுங்க வேண்டாம், அதற்கு நேரம் குறிப்பதை அவன் அம்மா அப்பா பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் நாமே கண்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சோறு ஊட்டப் போன் காட்டுவதை நாம்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

"எந்த வயசுல எந்த வேலையைக் கையில கொடுக்கலாம்?"

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை பக்கத்தில் புளியங்கொட்டை, மணி, பட்டன், ஒயர்த் துண்டு எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கும், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். அந்த வயதுக்குக் களிமண்ணும் சப்பாத்தி மாவும் போதும், கண் மட்டும் அவர்கள் மேலேயே இருக்கட்டும். நாலு, ஐந்து வயதில் நிறம் பிரித்து வைப்பது, பெரிய மணி கோப்பது. ஆறு, ஏழில் முனை மழுங்கிய கத்தரிக்கோல், பனை ஓலையில் காற்றாடி. எட்டுக்கு மேல் சாதா முடிச்சு தாராளமாகப் போடுவார்கள். ஊசி எதுவானாலும் வேலை முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

"பல்லாங்குழி ஆடின ஞாபகம் இருக்கு, ஆட்டம் மறந்து போச்சு. எப்படி ஆடறது?"

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. உங்கள் பக்கத்தில் ஒரு குழியைக் காலி செய்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கையில் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு உங்கள் முறை முடிந்தது. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், ஆட உட்காரும் முன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டினால் ஆயிற்று. முட்டை அட்டையை வெட்டியும் செய்யலாம். கூட்டலும் கழித்தலும் கையோடு வந்துவிடும், அதைக் குழந்தையிடம் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

"நடக்கப் போறப்ப பேத்தியும் வரேங்கறா. அவளோட போனா நடையே ஆகறதில்லை."

ஆகாதுதான். பத்தடிக்கு ஒரு முறை நின்றுவிடுவாள். அதனால் காலை நடை உங்களுடையது, மாலை நடை அவளுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவளுடைய நடையில் நேரக் கணக்கு வேண்டாம். எங்கே நிற்கிறாளோ அங்கே நில்லுங்கள். ஏரிக்கரையில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைப்பதையும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போடுவதையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். புங்கை, பூவரசு, இலுப்பை இலைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகல் இல்லாத பக்கமே இல்லை. வேடியப்பன் என்று மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பல இடங்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் தெரிவான். ஊர் மாடுகளை எதிரி ஓட்டிக்கொண்டு போகும்போது மீட்கப் போய் உயிர் விட்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றில் பல. அந்தக் கதையை அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ஆர்வம் பிடித்துக்கொண்டால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம்.

"பேரப்பிள்ளைங்க வெளிநாட்டுல. வீடியோ கால்ல 'சாப்பிட்டியா'வுக்கு மேல பேச்சே வரல."

போனைப் பற்றி மேலே சொன்ன அதே வழிதான் இங்கேயும். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் கையில் ஒரே வேலை இருக்கட்டும். அங்கே கொஞ்சம் ஒயர் அனுப்பி வையுங்கள், இங்கே நீங்கள் ஒரு சுற்று, அங்கே அவர்கள் ஒரு சுற்று. போனைக் கை தெரியும்படி சாய்த்து வையுங்கள், முகம் தெரிய வேண்டியதில்லை. வேலை நடக்கும்போது பள்ளிக்கூடக் கதை தானாக வெளியே வரும்.

"லீவுக்கு வந்தா போர் தண்ணி கொடுக்காதீங்க, இனிப்பு கொடுக்காதீங்கங்கறா மருமக. நாங்க இதைச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?"

தண்ணீர் விஷயத்தில் மருமகள் சொல்வது முழுக்கச் சரி. நம் பக்கத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். ஈறுக்குள்ளே நிலைப்பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால்தான் பல்லில் பழுப்புக் கறை விழும். பெரியவர்களுக்கும் பல வருடம் குடித்தால் மூட்டு விறைக்கும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை எடுங்கள்.

இனிப்புக்குச் சண்டை போடாதீர்கள். கேழ்வரகுக் களியும் நிலக்கடலையும் நம் கையில் இருக்கின்றன. பெற்றவர்கள் போட்ட விதியை நாம் முதுகுக்குப் பின்னால் மீறினால், குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுப்பது மறைப்பதை.

"பொண்ணு வேலைக்குப் போறா. குழந்தையை நாள் முழுக்க நான்தான் பார்க்கிறேன். எனக்கேது கூடையும் நடையும்?"

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், ஏதோ தப்பு செய்கிற மாதிரி. தப்பே இல்லை அம்மா. பேரனை உயிராக நினைப்பதும், உடம்பு அசந்து போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பெண்ணிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: காலையில் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைக் கேட்கக் கூடாது. களைத்துப் போய் எரிந்து விழும்போது சொன்னால் அது சண்டையாகும், சாதாரண நாளில் சொன்னால் ஏற்பாடாகும்.

மீதி நேரத்துக்கு, குழந்தை தூங்கினதும் வேலை என்று ஒதுக்காதீர்கள், அப்போது நீங்களும் படுங்கள். மூன்று வயது ஆகியிருந்தால் அவன் விழித்திருக்கும்போதே கூடையை எடுங்கள். வயதுக் கணக்கு மேலே இருக்கிறது.

"செஞ்சதை விக்கலாமா?"

விற்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலில் தொடங்கப்பட்டதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-இல். கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடுதான் இருந்தது. குழுவில் இருந்தால் கண்காட்சிகளில் இடம் கிடைக்கும். விலை சொல்லும்போது ஒயர் காசை மட்டும் சொல்லாதீர்கள், உங்கள் நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஆர்டர் சேர்ந்து தூக்கம் கெட ஆரம்பித்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எதுலயும் மனசு ஒட்டல. கூடையெல்லாம் எதுக்கு?"

உடனே எதுவும் செய்ய வேண்டாம். பின்னாமல் சும்மா வந்து எங்களோடு உட்காருங்கள். பேச வேண்டும் என்றும் இல்லை. ஒயரை அளந்து வெட்டிக் கொடுக்க எப்போதும் ஓர் ஆள் தேவைப்படுகிறது, அதைச் செய்தால் போதும். நடையும் அப்படித்தான், ஒருவர் வந்து வாசலில் நின்று கூப்பிட்டால்தான் முடியும் என்றால் சொல்லுங்கள், கூப்பிட வருவோம்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதை மனத்திடத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மூத்தவர்களுக்கென்று 14567 இருக்கிறது. டாக்டரிடம் போவதற்குத் துணைக்கும் நாங்கள் வருகிறோம்.

"பேத்தி பாதிக் கூடை பின்னிட்டு ஊருக்குப் போயிட்டா. அவ போட்ட முடிச்செல்லாம் கோணல். அவிழ்த்துட்டு நானே போட்டுடட்டுமா?"

அவளைக் கேட்காமல் வேண்டாம். கோணல் பக்கவாட்டில் இருந்தால் கூடைக்கு ஒன்றும் ஆகாது, பாரம் தாங்கும். அடியில் இருந்தால்தான் சாயும், இரண்டாவது கேள்வியில் சொன்னது போல எண்ணிப் பாருங்கள். அடியிலேயே எண்ணிக்கை தப்பியிருந்தால் போனில் காட்டிச் சொல்லுங்கள், அடுத்த விடுமுறையில் வந்து அவளே அவிழ்க்கட்டும். அதுவரை நுனிகளை ஒரு ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலிலேயே கிடந்தால் ஒயர் நிறம் வெளுத்து, அவிழ்க்கும்போது ஒடியும்.